ஷார்டொனேயில் மர வாசனை: குறையா, குணமா?

மல்லேஸ்வரத்தான்:
பிரான்சிலிருந்து வந்த அத்தான், பர்கண்டி வட்டாரத்து மெர்ஸோ வெள்ளை ஒயின் இரண்டு புட்டிகள் கொடுத்தார். ஓக் மரப் பீப்பாயிலேயே நொதிக்கவைத்த ஷார்டொனே (வெள்ளைத் திராட்சை வகை) என்றார். ஒன்றை இரவு முழுவதும் ஃப்ரிட்ஜில் வைத்து, எடுத்த கையோடு ஊற்றிக் குடித்தேன். புளிப்பும், தச்சுப் பட்டறையில் இழைத்த சீவலின் வாசனையும் தவிர வேறெதுவும் தெரியவில்லை. அடியில் சர்க்கரைத் துகள் போன்ற படிகங்களும் இருந்தன. தன் கிளாஸை மேசையில் வைத்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்த என் மனைவியோ மிக நன்றாக இருந்தது என்கிறாள். அடுத்த புட்டியைத் திறக்கும் முன் கேட்கிறேன்: இதை எப்படிச் சுவைத்து மதிப்பிட வேண்டும்?

அல்சூர்வாசி:
உங்கள் வீட்டம்மா குடித்ததே சரியான ஒயின். ஃப்ரிட்ஜின் 4 டிகிரியில் வாசனைகள் மேலெழுவதில்லை. புளிப்பும் மரத்தின் துவர்ப்பும் மட்டும் முந்திக்கொள்கின்றன. ஏறத்தாழ 12 டிகிரியில் குடியுங்கள். நம் ஊர் வெயில் காலத்தில் புட்டியை இருபது நிமிடம் வெளியே வைத்தால் போதும். வயிறு அகன்ற கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்ற வேண்டாம். படிகங்கள், குளிரில் படியும் டார்டாரிக் அமிலத்தின் பொட்டாசியம் உப்பு; அவற்றால் தீங்கில்லை.

ஜெயநகர் அண்ணாச்சி:
வெப்பநிலையோடு இன்னொன்றும் உண்டு. எஃகுத் தொட்டியில் நொதிக்கவைத்துப் பிறகு பீப்பாயில் ஊறவைத்த ஒயினில், மரம் மேல்பூச்சுப் போலத் தனியே நிற்கும். சாறு பீப்பாயிலேயே நொதிக்கும்போது (பர்கண்டியில் அது வழக்கமாக 228 லிட்டர் கொள்ளும்) மரத்திலிருந்து இறங்கும் வனிலினில் (வனிலா வாசனை தரும் பொருள்) ஒரு பகுதியை ஈஸ்ட் வாசனை குறைந்த வேறொரு பொருளாக மாற்றிவிடுகிறது. பின்னர் அடியில் தங்கும் ஈஸ்ட் வண்டலை அவ்வப்போது கலக்கிவிடுவதால் நாவில் வழவழப்பும் கூடுகிறது. ஆகவே நான் முதலில் பார்ப்பது, மரமும் பழமும் ஒன்றாகக் கலந்திருக்கின்றனவா என்பதைத்தான். வெண்ணெய் வாசனையைத் தரத்தின் அடையாளமாகக் கொள்ளாதீர்கள். அது மாலிக் அமிலம் லாக்டிக் அமிலமாக மாறும்போது பாக்டீரியா உண்டாக்கும் டையாசிட்டைல் என்னும் பொருளின் வாசனை, மலிவான ஒயினிலும் அது தாராளமாகக் கிடைக்கும். விழுங்கிய பிறகு சுவை எவ்வளவு நேரம் நிற்கிறது என்று எண்ணிப் பாருங்கள்; பத்து விநாடிக்குள் பழம் மறைந்து மரத்தின் கசப்பு மட்டும் எஞ்சினால், விலை எதுவானாலும் எனக்கு அது சுமாரான ஒயின்தான்.

நிறத்தையும் கவனியுங்கள். இங்கே ஒரு கடையில் ஜன்னலோரம் நின்றிருந்த புட்டியொன்றை வாங்கி நான் ஏமாந்திருக்கிறேன். ஐந்து வயதுகூட ஆகாத ஒயின் கருந்தேன் நிறத்தில் இருந்தது, நறுக்கி வைத்துப் பழுப்பேறிப்போன ஆப்பிள் வாசனை அடித்தது. அதுதான் ஆக்சிஜனேற்றம் என்னும் உண்மையான குறை.

மல்லேஸ்வரத்தான்:
இரண்டாவது புட்டியை நேற்றுத் திறந்தோம். இருபது நிமிடத்தில் எலுமிச்சைத் தோலும், அரை மணியில் வறுத்த முந்திரியும் தெரிந்தன. சீவல் வாசனையைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. விழுங்கிய பின் முப்பது வரை எண்ணினேன். முந்திரியெல்லாம் இல்லை, முருங்கையிலை போட்டு வெண்ணெய் உருக்கும் வாசனை என்று மனைவி அடித்துச் சொல்கிறாள்.