10 நாட் வேகத்தில் தாங்கும் ஃபின் ஸ்டெபிலைசர், 6 நாட் வேகத்தில் ஏன் கைவிடுகிறது?

கோபி_டீசல்:
வணக்கமுங்க. சொந்த ஊர் கோபி. கோயமுத்தூரில் டிப்ளமோ முடித்து எட்டு வருடம் டீசல் ஒர்க்‌ஷாப்பில் இருந்தேன், போன வருடத்திலிருந்து கொச்சியில் ஒரு 22 மீட்டர் மோட்டார் யாட்டில் இன்ஜின் ரூம் பொறுப்பு. பழைய படகு, இரண்டு பக்கமும் ஹைட்ராலிக் ஃபின் (படகு பக்கவாட்டில் ஆடாமல் இருக்கத் தண்ணீருக்குள் திரும்பும் சிறகு) இருக்கிறது. மே மாதம் கோவாவுக்குக் கொண்டு போனோம். மேற்கேயிருந்து அலை, இடது விலாவில் நேராக அடித்தது. 10 நாட் வேகத்தில் (மணிக்குச் சுமார் 18.5 கி.மீ.) டீ டம்ளரை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போகலாம், அவ்வளவு அமைதி. டீசல் மிச்சம் பிடிக்கலாம் என்று 6 நாட் வேகத்துக்கு இறக்கியதும் பக்கத்துக்குப் பன்னிரண்டு டிகிரி ஆட ஆரம்பித்துவிட்டது, முதலாளியின் அம்மா படுத்த படுக்கையாகிவிட்டார். ராத்திரி நங்கூரம் போட்ட பிறகு அதைவிட மோசம். பார்க்க வந்த டெக்னீஷியன் பத்து நிமிடம்கூட உட்காரவில்லை, ஃபின் காலம் முடிந்தது, ஜைரோ (படகுக்குள் வேகமாகச் சுழன்று ஆட்டத்தை அடக்கும் கனமான சக்கரம்) போடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பெரிய தொகை. நிச்சயமாகத் தெரியாமல் முதலாளியைச் செலவில் இழுத்துவிட எனக்கு மனசு வரவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்க.

பீளமேடு_இம்பெல்லர்:
தம்பி, நான் கடலில் போனதில்லை, முப்பது வருடமாகப் பம்ப் வேலைதான். ஆனால் தண்ணீர் எங்கேயும் தண்ணீர்தானே. தோட்டத்து மோட்டாருக்குச் சுழலும் வேகத்தை மாற்றும் வி.எஃப்.டி. போட்டு 50 ஹெர்ட்ஸை 25 ஆக்கினால் ஹெட் (தண்ணீர் ஏறும் உயரம்) பாதியாகாது, கால்வாசியாகிவிடும். உங்கள் ஃபின்னுக்கும் அதே கதைதான், அது தண்ணீரைத் தள்ளும் விசை வேகத்தின் வர்க்கத்தோடு போகும், 10 நாட் வேகத்தில் 100 என்றால் 6 நாட் வேகத்தில் 36. ஒரு சதுர மீட்டர் ஃபின், லிஃப்ட் கோஎஃபிஷியன்ட் (ஃபின் எவ்வளவு நன்றாகத் தள்ளும் என்பதற்கான எண்) 0.8 என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 10 நாட் வேகத்தில் ஏறக்குறைய 1,100 கிலோ விசை வருகிறது, 6 நாட் வேகத்தில் 400 கிலோதான். நங்கூரத்தில் நிற்கும்போது தண்ணீர் ஓட்டமே இல்லை, அப்புறம் விசை எங்கிருந்து வரும்? நல்ல மெஷினைக் கழற்றிப் போட்டுவிடாதீங்க.

பவானி_செகண்ட்:
அண்ணா சொன்ன கணக்கு சரிதான். நான் சரக்குக் கப்பலில் செகண்ட் இன்ஜினியர், ஊருக்கு வந்திருக்கிறேன். கோபித் தம்பி, ஒன்று மட்டும் பாருங்க. பெரும்பாலான கன்ட்ரோலர்கள் படகின் வேகத்தையும் வாங்கிக்கொண்டுதான் ஃபின் எவ்வளவு திரும்பணும் என்று முடிவு செய்யும். வேகமாகப் போகும்போது கொஞ்சம் திரும்பினாலே போதும், மெதுவாகப் போகும்போது இருபது டிகிரி வரைக்கும் திரும்ப வேண்டியிருக்கும். அந்த வேக சிக்னல் தப்பாக இருந்தாலோ, யாராவது கையால் ஒரு எண்ணைப் போட்டு வைத்திருந்தாலோ, 6 நாட் வேகத்தில் போகும்போதும் அது 10 என்று நினைத்துக்கொண்டு சும்மா ஏழெட்டு டிகிரிதான் ஆட்டும். ஃபின் ஆங்கிள் இன்டிகேட்டரை ஓட்டத்தில் நின்று பாருங்க. ஆட்டத்தையும் அளந்துவிடுங்க: ஃபின்னை நடுவில் லாக் செய்து பத்து நிமிடம், ஆன் செய்து பத்து நிமிடம், வேகமும் திசையும் மாறக்கூடாது. ஃபின்னில் சிப்பி ஒட்டியிருக்கிறதா என்றும் ஆள் இறக்கிப் பார்க்கணும். ரிவர்ஸ் எடுக்கும்போது ஃபின் நடுவில் லாக் ஆகிறதா என்பதை மறந்துவிடாதீங்க, தண்ணீர் பின்னாலிருந்து வந்தால் விசை தலைகீழாகிவிடும், ஷாஃப்டுக்கும் கேடு.

அமராவதிக்கரை:
கொச்சி குசாட் பல்கலைக்கழகத்தில் கப்பல் தொழில்நுட்பம் படித்தவள், கரூர்க்காரி. மேலே சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் படகுக்கென்று ஒரு ஆட்ட நேரம் உண்டு, அதாவது ஒருமுறை இரண்டு பக்கமும் சாய்ந்து திரும்பி வர ஆகும் நேரம். அமைதியான துறையில் நாலு பேரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடக்கவிட்டு ஆட்டம் எடுத்ததும் நிறுத்திவிட்டு, பத்து ஆட்டத்துக்கு எத்தனை நொடி என்று எண்ணினால் தெரிந்துவிடும். அலை வந்து மோதும் இடைவெளி அதற்குப் பக்கத்தில் வந்துவிட்டால், ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவது போல ஆட்டம் ஏறிக்கொண்டே போகும், குறைந்த வேகத்தில் ஃபின்னால் அதை அடக்க முடியாது. திசையை 15, 20 டிகிரி மாற்றிப் பாருங்கள், சில நேரம் அதுவே போதும். ஜைரோவை நான் குறை சொல்ல மாட்டேன். அதற்கு வேகம் தேவையில்லை, நங்கூரத்தில் நன்றாக வேலை செய்யும். புதுசும் இல்லை, 1932 முதல் ஓடிய கோன்டே டி சவோயா என்ற இத்தாலியக் கப்பலிலேயே மூன்று பெரிய ஜைரோ இருந்தது. ஆனால் சக்கரம் முழு வேகம் எடுக்க நேரமாகும், ஜெனரேட்டர் ஓடிக்கொண்டே இருக்கணும். நாள் முழுக்க ஓடும் படகுக்கு என் கை ஃபின் பக்கம்தான் போகும். இன்னொன்று, அந்த அம்மாவுக்கு வாந்தி வந்ததில் மேலும் கீழும் தூக்கிப் போடுவதற்கும் பங்கு உண்டு. அதை ஃபின்னும் நிறுத்தாது, ஜைரோவும் நிறுத்தாது. முதலாளியிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

கோபி_டீசல்:
எல்லோருக்கும் நன்றிங்க. பவானி அண்ணா சொன்னதுதான் நடந்திருக்கிறது. வேக சென்சார் எப்போதோ செத்துப்போயிருக்கிறது, எனக்கு முன்னால் இருந்தவர் கன்ட்ரோலரில் 10 என்று கையால் போட்டு விட்டிருக்கிறார். 6 நாட் வேகத்தில் ஃபின் எட்டு டிகிரிக்கு மேல் திரும்பவே இல்லை. சென்சார் மாற்றி, சிப்பியும் சுரண்டிவிட்டு நேற்று வெளியே போனோம். அதே மாதிரி விலா அலைதான், இப்போது 6 நாட் வேகத்தில் ஃபின் இருபது டிகிரி வரை போகிறது. லாக் செய்து பார்த்தபோது பன்னிரண்டு டிகிரி ஆடியது, ஆன் செய்ததும் ஏழில் நின்றது. 10 நாட் வேகம் அளவுக்கு இல்லை, அண்ணா போட்ட கணக்குப்படி இருக்கவும் முடியாது. ஆட்ட நேரம் எண்ணினேன் அக்கா, ஒரு ஆட்டத்துக்கு ஆறு நொடிக்குக் கொஞ்சம் குறைவு. நங்கூரத்தில் மாற்றமே இல்லை. ராத்திரி அதிகம் தங்குவதாக இருந்தால் மட்டும் ஜைரோ பற்றிப் பேசலாம் என்று முதலாளியிடம் சொல்லியிருக்கிறேன், அடுத்த வாரம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருகிறாராம், 9 நாட் வேகத்துக்குக் கீழே இறக்க மாட்டேன்.