டீசல் மானியம் நின்றுவிடுமா? காசிமேட்டிலிருந்து ஒரு கேள்வி

காசிமேட்டுப் படகுக்காரன்:
மீன்பிடித் தடைக்காலமான 61 நாளும், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, எங்கள் விசைப்படகு கரையில்தான் கிடக்கும். அப்பா வலையை மடியில் போட்டுக்கொண்டு அறுந்த கண்ணிகளை ஒவ்வொன்றாக முடிவார். வரிவிலக்கு டீசலை உலக வர்த்தக அமைப்பு நிறுத்தச் சொல்லும் என்று ஏலக்கூடத்தில் பேசிக்கொள்கிறார்கள். உண்மையா?

ராயபுரம் வாசகர்:
இப்போதைக்கு இல்லை தம்பி. அந்த அமைப்பில் 2022 ஜூனில் ஜெனீவாவில் முடிவான மீன்பிடி மானிய உடன்படிக்கை 2025 செப்டம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. சட்டவிரோத மீன்பிடிப்பு, ஏற்கெனவே மிதமிஞ்சிப் பிடிக்கப்பட்ட மீன் இனங்களைப் பிடிப்பது, எந்த அமைப்பும் ஒழுங்குபடுத்தாத சர்வதேசக் கடலில் பிடிப்பது ஆகியவற்றுக்குத் தரும் மானியத்தைத்தான் அது தடுக்கிறது. படகுகளும் மீன்பிடிப்பும் பெருகக் காரணமாகும் மானியங்கள் அடுத்த கட்டம். அங்கேதான் சிக்கல். எல்லா உறுப்பு நாடுகளும் ஒத்துக்கொள்ள வேண்டும். 2024இல் அந்த அமைப்பின் அபுதாபி மாநாடு இதில் முடிவின்றிக் கலைந்தது. தொலைதூரக் கடலில் பிடிக்கும் நாடுகள் 25 ஆண்டுகளுக்கு மானியத்தை நிறுத்த வேண்டும் என்று இந்தியா கேட்டது. நியாயமான கோரிக்கை. பெரிய கப்பல்களுக்குக் கொட்டிக் கொடுத்தவர்களும் நாமும் ஒன்றா?

தண்டையார்பேட்டை மீன்காரி:
அண்ணா சொல்வது சரி. ஆனாலும் என் கூடையைப் பாருங்கள்: முன்பு முழங்கை நீள வஞ்சிரம் வாங்குவேன், இப்போது உள்ளங்கை அளவுக் குஞ்சுகளும் ஏலத்துக்கு வருகின்றன. நாட்டுப்படகுக்கு மானியம் இருக்கட்டும். குஞ்சையும் வாரும் இழுவலைக்கு எதற்கு?

காசிமேட்டுப் படகுக்காரன்:
அக்கா, எங்களுடையதும் இழுவலைதான். இன்றிரவு அப்பாவிடம் இதைப் பேசுகிறேன்.