நோயாளிக்கு ஒரே கனவு திரும்பத் திரும்ப வருது: வீட்டாருக்கு என்ன சொல்வது?

லயத்துப்பிள்ளை கேட்டது:
இலங்கையின் மஸ்கெலியாப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் படுக்கையில் இருப்பவர்களை வீட்டில் போய்ப் பார்க்கும் குழுவுக்கு ஒரு பக்கக் குறிப்பு எழுதுகிறோம். அடிக்கடி வரும் கேள்வி கனவுதான். செத்துப்போன அப்பா வந்து பெரட்டுக்கு (காலையில் வேலைக்கு ஆள் கூடும் இடம்) கூப்பிடுறார், நேரமாச்சு, கூடையைக் காணோம். இல்லாவிட்டால் தண்ணியில் மூழ்குற மாதிரி. வீட்டார் "கூட்டிட்டுப் போக வந்துட்டாங்க" என்று முடிவு கட்டி, மருந்தை நிறுத்திவிட்டுக் கோடாங்கியைத் தேடுகிறார்கள். இந்தக் கனவுகளுக்கு அர்த்தம் உண்டா? எதைக் கண்டால் ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்? சீனி (நீரிழிவு), இருதயம், கிட்னி, புற்றுநோய்க்காரர்கள்தான் எங்களிடம் அதிகம்.

பழைய டிஸ்பென்சர்:
கனவில் யார் வந்தார் என்பதை அப்புறம் கேளுங்கள். எத்தனை மணிக்கு எழும்பினார், எழும்பும்போது உடம்பு எப்படி இருந்தது, அதுதான் முதல் கேள்வி.

ராத்திரி 2 மணிக்கும் 4 மணிக்கும் நடுவில் கெட்ட கனவு, தலையணை நனைய வேர்வை, காலையில் தலைவலி என்றால் இரத்தத்தில் சீனி இறங்கியிருக்கலாம். அந்திக்கு இன்சுலின் போட்டுவிட்டு ஒரு துண்டு ரொட்டியும் தேத்தண்ணியுமாகப் படுப்பவர்களுக்கு இது சகஜம். கிளிபென்கிளமைட் என்ற சீனிக் குளிசை குடிப்பவருக்கும் வரும். கிட்னி பழுதாகியிருந்தால் அந்த மருந்து உடம்பிலேயே தங்கிவிடுவதால் ஆபத்து கூட. மெட்ஃபோமின் மட்டும் குடிப்பவருக்கு அரிது. எழும்பிய கையோடு விரலைக் குத்திப் பாருங்கள். 70க்கு (mg/dL) கீழே நின்றால் 3 தேக்கரண்டி சீனியை அரைக் கோப்பைத் தண்ணியில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிஷம் கழித்து மறுபடி பார்க்கணும். ஏறாவிட்டால் இன்னொரு தடவை, ஏறியதும் இரண்டு பிஸ்கட். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். அம்புலன்ஸுக்கு 1990க்கு அடியுங்கள்.

மூழ்குற கனவு, நெஞ்சில் ஆள் உட்காருற கனவு வேற கதை. படுத்து ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் மூச்சு முட்டி எழும்பி உட்கார்ந்தால் நெஞ்சில் நீர் சேர்கிறதா என்று பாருங்கள். கணுக்காலை அழுத்தினால் குழி விழுதா, தலையணை ஒன்று இரண்டாகி மூன்றானதா, 3 நாளில் 2 கிலோ கூடியதா? ஒன்று இருந்தாலும் அன்றைக்கே காட்டணும். குறட்டை திடீரென்று நின்று திணறி எழும்புபவருக்கும் இதே மாதிரிக் கனவு வரலாம்.

குளிருக்குப் பயந்து ஜன்னலை அடைத்துக் கரிச்சட்டியை உள்ளே வைக்கும் வீடா? மற்றவர்களுக்கும் காலையில் தலைவலி, ஓங்காளம் என்றால் அது கரிப்புகை விஷம் (கார்பன் மொனொக்சைட் வாயு). அந்த வாயுவில் மணமே இராது. எல்லாரையும் வெளியே காற்றுக்குக் கொண்டுவந்து, ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். சட்டி இனி உள்ளே வரவே கூடாது.

குளிசைப்பெட்டி:
மேலே உள்ளதோடு ஒன்று சேர்க்கணும். படபடப்பும் கைநடுக்கமும் இல்லையே, சீனி இறங்கவில்லை என்று நினைக்காதீர்கள். இருதயத்துக்கும் பிரஷருக்கும் கொடுக்கும் புரொப்பரனலோல், மெட்டோபுரோலோல், அட்டெனலோல் குடிப்பவருக்கு அந்த இரண்டும் மறைந்துவிடும், வேர்வை மட்டும் மிஞ்சும். கெட்ட கனவைத் தருவதும் அதே குளிசைகள்தான். முதல் இரண்டும் கொழுப்பில் கரைவதால் மூளைக்குள் சுலபமாகப் போகும், அட்டெனலோலில் தொல்லை குறைவு. அதற்காக நீங்களாக நிறுத்திவிட்டால் நெஞ்சுவலியில் போய் முடியலாம். மாற்றச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள்.

ஞாபகமறதிக்குக் கொடுக்கும் டொனெபெசில் ராத்திரியில் கனவைக் கூட்டினால் காலைக்கு மாற்றலாமா என்று கேட்கலாம். பிரெட்னிசொலோன் காலைச் சாப்பாட்டோடுதான். நீர்க்குளிசை ஃபுரோசமைட்டின் இரண்டாவது வேளையைப் பகல் 2 மணிக்குப் பிந்தவிடாதீர்கள். கனவு அதிகம் வரும் தூக்கம் சுமார் 90 நிமிஷத்துக்கு ஒருமுறை வரும், விடியப்போகும்போது நீளும். அதன் நடுவில் ஒண்ணுக்குப் போக எழும்புபவருக்குத்தான் கனவு ஞாபகம் நிற்கும். 'தினமும் வருது' என்ற பேச்சில் பாதி இதுதான்.

கிளினிக் கொப்பியில் கனவு தொடங்கிய திகதியையும் புதுக் குளிசை தொடங்கிய திகதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள்.

தலைமாட்டில்:
கனவா, புத்தி தடுமாற்றமா என்று பிரிக்கணும். கனவு கண்டவர் எழும்பியதும் "கனவு கண்டேன்" என்பார். கண் திறந்தபடி மூலையில் யாரோ நிற்பதாக நினைத்துப் பேசுகிறார், பகலில் தூக்கம், அந்தியில் ஆட்டம் என்றால், ஞாயிறிலிருந்து கிழமைகளைப் பின்னோக்கிச் சொல்லச் சொல்லுங்கள். முன்பு சொல்லக்கூடியவர் இப்போது வெள்ளியைத் தாண்டவில்லை என்றால் கிருமித்தொற்று, உப்புக் குறைவு, மலச்சிக்கல், மூத்திரம் அடைப்பு எதுவாகவும் இருக்கும். வலிக்கு மோர்ஃபின் எடுப்பவருக்குக் கைகால் வெட்டி வெட்டி இழுத்தால் கிட்னி அதை வெளியேற்றவில்லை என்று சந்தேகிக்கணும். சாராயத்தைத் திடீரென்று விட்டவர் இரண்டு மூன்று நாளில் பூச்சி ஊருது என்றால் உடனே ஆஸ்பத்திரி. தாமதித்தால் உயிர் போகலாம்.

இதெல்லாம் இல்லையென்றால்தான் அர்த்தம் பற்றிப் பேசலாம். அமெரிக்காவின் பஃபலோ நகர ஹொஸ்பிஸில் (மரணம் நெருங்கியவர்களைப் பராமரிக்கும் இடம்) கிறிஸ்டபர் கெர் குழு 59 நோயாளிகளிடம் கேட்டு 2014இல் எழுதியது: 10 பேரில் ஏறக்குறைய 9 பேருக்கு இப்படிக் கனவோ காட்சியோ வந்தது. இறந்த உறவினர் வந்த கனவுகளே அதிக ஆறுதல் தந்தன, கடைசி நாட்கள் நெருங்க அவை கூடின. ஆனால் அவர்கள் எல்லாரும் ஏற்கெனவே மரணம் நெருங்கியவர்கள். அப்பா கனவில் வந்தார், ஆகவே ஆள் போய்விடுவார் என்று அதைத் திருப்பிப் போட முடியாது.

பயமுறுத்தும் கனவென்றால் பகலில், புத்தி தெளிவாக இருக்கும்போது கதையைச் சொல்லவிடுங்கள். முடிவை அவரே மாற்றட்டும்: "கூடை இஸ்தோப்பில் (முன்விறாந்தையில்) இருக்கு, நீங்க முன்ன போங்கப்பா, நான் பொறவு வர்றேன்." மாற்றிய கதையை நாளுக்கு 10 முதல் 20 நிமிஷம் மனசில் ஓட்டணும், சில வாரம். முதலில் லேசான கனவு. புத்தி தடுமாறியவரிடம் இது வேண்டாம். ஆறுதல் தரும் கனவை மாற்றவே வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

லயத்துப்பிள்ளை:
கோடாங்கி நூலும் ஓதின தண்ணியும் வேண்டாம் என்று எழுதலாமா?

தலைமாட்டில்:
அப்படி எழுதினால் உங்களிடம் மறைப்பார்கள். மருந்தை மட்டும் நிறுத்தக்கூடாது என்று எழுதுங்கள். டயலிசிஸுக்கு ஃபிஸ்டியூலா (இரத்தக்குழாய்களை இணைத்த இடம்) வைத்த கையில் நூல் கட்டவே கூடாது, மற்றக் கையில் தளர்வாகக் கட்டலாம். தண்ணி அளவு வைத்திருக்கிற கிட்னி, இருதய நோயாளி என்றால் ஓதின தண்ணியையும் அன்றைய கணக்கில் சேர்க்கணும்.