அல்ஜீப்ரால பிஹெச்டி, சைட்டேஷன் ரொம்ப கம்மி... எத வெச்சு மதிப்பு போடுறது?

காட்பாடி_ரிங்:
எல்லாருக்கும் வணக்கம். வேலூர் பக்கம் ஒரு காலேஜ்ல கம்யூட்டேடிவ் அல்ஜீப்ரால பிஹெச்டி பண்றேன். ஒரு பேப்பர் வந்துடுச்சு, இன்னொண்ணு ரெஃப்ரீ (பத்திரிகைக்காக பேப்பர சரிபாக்கறவர்) கிட்ட போய் வருஷத்துக்கு மேல ஆவுது, இன்னும் பதில் இல்ல. இப்ப ஒரு வேலைக்கு அப்ளை பண்லாம்னு ஃபார்ம திறந்தா சைட்டேஷன் எவ்ளோ (நம்ம பேப்பர மத்தவங்க பேப்பர்ல எத்தன தடவ குறிப்பிட்டிருக்காங்கனு), ஹெச் இண்டெக்ஸ் எவ்ளோனு (அது 5னா, அஞ்சு பேப்பருக்கு தலா அஞ்சு சைட்டேஷனாவது இருக்குனு அர்த்தம்) தனித்தனி கட்டம். எனக்கு மொத்தமே மூணு சைட்டேஷன்தான், அதுல ஒண்ணு என் கைடு, எங்க மேடமே போட்டது. ஹாஸ்டல்ல என் ரூம்மேட் நானோ மெட்டீரியல்ஸ், அவளுக்கு இப்பவே நூறத் தாண்டிடுச்சு. எங்க மேடம் இவ்ளோ வருஷமா ஐடியல்ஸ்ன்ற அல்ஜீப்ரா டாபிக்லயே வேலை பண்றாங்க, வெளிநாட்டுலேர்ந்து மெயில் போட்டு சந்தேகம் கேக்கறாங்க, ஆனா அவங்க ஹெச் இண்டெக்ஸே ஒத்த இலக்கம்தான். சீக்கிரம் பேப்பர் வர்ற டாபிக்கா மாத்திக்கோனு எல்லாரும் சொல்றாங்க. அல்ஜீப்ரால ஒருத்தர் வேலை நல்ல வேலையானு எப்பிடி கண்டுபுடிக்கிறது?

பாலாற்றங்கரை:
டாபிக்க மாத்தாத தங்கச்சி. கணிதக்காரர் எம்.எஸ். நரசிம்மன் பேரு கேள்விப்பட்டிருப்ப. 1932ல தண்டரைன்ற கிராமத்துல பொறந்தவரு, குடும்பம் நம்ம பழைய வட ஆற்காடு ஜில்லா. லயோலால படிச்சுட்டு 1953ல பம்பாய் டிஐஎஃப்ஆர்ல (டாடா ஆராய்ச்சி நிலையம்) சேந்தாரு, அதே லயோலா, அதே வருஷம் சி.எஸ். சேஷாத்ரியும் அங்க. ரெண்டு பேரும் சேந்து 1965ல ஆனல்ஸ் ஆஃப் மேத்தமேடிக்ஸ்ன்ற பத்திரிகைல போட்ட பேப்பர்தான் நரசிம்மன்-சேஷாத்ரி தியரம். ரீமான் சர்ஃபேஸ்ன்ற ஒரு வகை பரப்பு மேல இருக்கற ஸ்டேபிள் வெக்டர் பண்டில்னா (புள்ளிக்கு ஒரு வெக்டர் ஸ்பேஸ் ஒட்டி வெச்ச அமைப்பு) அல்ஜீப்ரா பக்கத்து பொருள், யூனிட்டரி ரெப்ரசென்டேஷன்னா (ஒரு குரூப்ப மேட்ரிக்ஸா எழுதறது) வேற பக்கத்து பொருள், ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சரியா பொருந்துதுனு காமிச்சாங்க. டொனால்ட்சன்ன்ற பிரிட்டிஷ் கணிதக்காரர் இதுக்கு வேற வழியில ப்ரூஃப் குடுத்தது 1983ல, பதினெட்டு வருஷம் கழிச்சு. அதுக்கப்புறம்தான் இன்னும் பெரிய டைமென்ஷனுக்கெல்லாம் கதவு தொறந்துது. 2006ல கிங் ஃபைசல் ப்ரைஸ நரசிம்மனுக்கும் டொனால்ட்சனுக்கும் சேத்து குடுத்தாங்க. அஞ்சு வருஷ சைட்டேஷன மட்டும் எண்ணிகினு இருந்தா இதுல எது கண்ணுல பட்டிருக்கும் சொல்லு?

இன்னொண்ணு, ஹார்டர்-நரசிம்மன் ஃபில்ட்ரேஷன். 1975 பேப்பர். எந்த வெக்டர் பண்டில எடுத்தாலும் அத செமிஸ்டேபிள்ன்ற ஒழுங்கான துண்டுங்களா ஒரே ஒரு விதமா அடுக்கலாம், ஒவ்வொரு துண்டுக்கும் ஸ்லோப்னு ஒரு எண் இருக்கு, அது கொறஞ்சிகினே வரும். இன்னிக்கு க்விவர் ரெப்ரசென்டேஷன், பிரிட்ஜ்லேண்ட் ஸ்டெபிலிட்டி மாதிரி வேற டாபிக் பண்றவங்க எல்லாரும் சும்மா ஹெச்என் ஃபில்ட்ரேஷன்னு எழுதிட்டு போயிடுவாங்க, 1975 பேப்பர ரெஃபரன்ஸ்ல போடறவங்களும் இருக்காங்க, போடாதவங்களும் நெறைய. அல்ஜீப்ரால எல்லாரும் சொல்ற நொய்தரியன் ரிங்னு எழுதும்போது எமி நொய்தரோட 1921 பேப்பர யாரு சைட் பண்றா? வேலை அவ்ளோ பெருசானா அது கணக்குலயே வராது.

ரிட்டயர்டு_மேத்ஸ்:
மேல தம்பி சொன்னது சரி, எண்ணிக்கை ஏன் இப்பிடி ஆவுதுனு நான் சொல்றேன். இம்பாக்ட் ஃபேக்டர்னா ஒரு பத்திரிகையோட பேப்பருக்கு சராசரியா எவ்ளோ சைட்டேஷன்னு ரெண்டு வருஷ ஜன்னல வெச்சு போடற கணக்கு. சர்வதேச கணித யூனியனும் இன்னும் ரெண்டு அமைப்பும் சேந்து 2008ல ஒரு ரிப்போர்ட் வெளியிட்டாங்க, கணிதத்துல கிட்டத்தட்ட 90 சதவீத சைட்டேஷன் அந்த ஜன்னலுக்கு வெளிய விழுதுனு அதுலயே இருக்கு. ஹெச் இண்டெக்ஸ 2005ல கொண்டு வந்த ஹிர்ஷ் ஒரு இயற்பியல்காரர். நம்ம பக்கம் பேப்பருக்கு ஒண்ணு ரெண்டு ஆத்தர், பேரு அகர வரிசை, ரெஃபரன்ஸ் லிஸ்ட்டும் சின்னது, அப்ப எண்ணிக்கை எங்கேர்ந்து வரும்? அதோட கும்பலா ஒருத்தர ஒருத்தர் சைட் பண்ணிக்கிற வேலை கணிதத்துல ரொம்ப சுலபமாயிடுச்சு, சைட்டேஷன் கணக்கு போடற கிளாரிவேட் கம்பெனி 2023ல ஹைலி சைட்டட் (அதிகமா சைட் ஆன ஆளுங்க) லிஸ்ட்லேர்ந்து கணிதத்தையே எடுத்துட்டாங்க. நல்லா வேலை செய்ற பசங்க இந்த நம்பரப் பாத்து மனசு ஒடஞ்சு போறது எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கு.

வேலப்பாடி_பையன்:
ரெண்டு பேர் சொன்னதும் ஒத்துக்கறேன், ஆனா சைட்டேஷன் கம்மியா இருக்கறவங்க எல்லாரும் நரசிம்மன் ஆயிட முடியாதுல்ல, யாருமே படிக்காத பேப்பருக்கும் கம்மியாதான் இருக்கும். அதனால எண்ணிக்கைய விடுங்க, அந்த மூணு பேப்பரயும் எறக்கி உங்க ரிசல்ட்ட எந்த எடத்துல எதுக்கு எடுத்திருக்காங்கனு பாருங்க. கணித பேப்பருங்களுக்கு ரிவ்யூ போடற இசட்பிமேத் ஓப்பன் வெப்சைட் 2021லேர்ந்து ஃப்ரீ, அதுல உங்க பேப்பருக்கு ரிவ்யூ ஏதாவது வந்துருக்கானும் தேடுங்க. ரெஃப்ரீ கிட்ட மாட்டிகினு இருக்கறத இன்னும் ஆர்கைவ்ல (பத்திரிகைல வர்றதுக்கு முன்னாடியே பேப்பர ஃப்ரீயா போடற வெப்சைட்) போடலைனா மேடம கேட்டுட்டு உடனே போட்டுடுங்க.

காட்பாடி_ரிங்:
ரொம்ப நன்றி சார், அண்ணா. இப்பதான் மூணையும் தொறந்து பாத்தேன். ஒண்ணுல இன்ட்ரோல ஏழெட்டு பேப்பரோட கூட்டத்துல என் பேரும் இருக்கு, அவ்ளோதான். மேடமோடது உங்களுக்கே தெரியும். ஆனா மூணாவதுல என் லெம்மாவ (தியரத்துக்கு உதவற சின்ன ரிசல்ட்) எடுத்து அவங்க மெயின் தியரத்தோட ரெண்டாவது ஸ்டெப்புல வெச்சிருக்காங்க, நான் லோக்கல் ரிங்குக்கு போட்டத அவங்க கிரேடட் ரிங்ன்ற வேற வகைக்கு மாத்திருக்காங்க! இத நான் இவ்ளோ நாள் திறந்தே பாக்கல. ஃபார்ம்ல இத எங்க எழுதறது?

ரிட்டயர்டு_மேத்ஸ்:
கட்டத்துல மூணுனு உண்மைய போடுமா. ரிசர்ச் ஸ்டேட்மென்ட்ல முதல் பாராவுலயே உன் லெம்மா இன்ன தியரத்துல, இன்ன ஸ்டெப்புல பயன்பட்டுதுனு ரெண்டு வரி எழுது, இன்டர்வியூல அல்ஜீப்ரா ஆள் ஒருத்தர் உக்காந்திருந்தா அங்கேர்ந்துதான் கேள்வி கேப்பாரு. அந்த பேப்பர் எழுதினவங்களுக்கும் இன்னிக்கே ஒரு மெயில் போடு, கிரேடட் கேஸ்ல இன்னும் என்ன பாக்கி இருக்குனு கேளு.