மோதலுக்குப் பிறகு டரட் 0.12 மிமீ விலகல்: பராமீட்டரில் திருத்த முடியுமா?

கிராண்ட்பாஸ்_டர்னர்

வணக்கம். மெஷின் ஒரு சிஎன்சி லேத்: 45 பாகை சாய்வுப் படுக்கை, 12 ஸ்டேஷன் டரட் (டூல்களைத் தாங்கிச் சுழலும் தலை, ஸ்டேஷன் என்பது ஒரு டூலின் இடம்), ஃபேனக் 0ஐ-டிஎஃப் கொண்ட்ரோலர். டரட் சர்வோவில் திரும்பி ஹைட்ரோலிக்கில் கிளாம்ப் ஆகும் வகை. எக்ஸ் (சுழலும் மையத்தை நோக்கி), இசட் (மையக் கோட்டின் நீளவாக்கில்) இரண்டு அச்சு மட்டும்தான். போன கிழமை ரெபிட்டில் (வெட்டாமல் வேகமாக நகரும்போது) போரிங் பார் ஹோல்டர் சக் ஜோவில் (வேலைத்துண்டைப் பிடிக்கும் தாடையில்) இடித்துவிட்டது. அலார்ம் அழித்து ஹோம் எடுத்தால் எல்லாம் வழக்கம்போல ஓடுகிறது, ஆனால் வேலை சரியில்லை.

ஃபேசிங் (கம்பியின் முகத்தை மட்டமாக வெட்டுவது) எக்ஸ் பூச்சியம் வரை போனாலும் நடுவில் ஏறத்தாழ 0.24 மிமீ விட்டத்துக்கு முனை மிஞ்சுகிறது. 16 மிமீ ட்ரில் போட்டால் துளை வாயில் விரிந்து நிற்கிறது. சென்டர் ட்ரில் புள்ளி வைக்காமல் வளையம் கீறுகிறது. டர்னிங் டூலுக்கு அடியில் 0.12 தகடு வைத்ததும் ஃபேசிங் முனை போய்விட்டது. ட்ரில்லுக்கும் போரிங் பாருக்கும் அப்படிச் செய்ய வழியில்லை.

டரட் மோட்டாரின் பூச்சிய இடத்தைத் தள்ளும் கிரிட் ஷிஃப்ட் பராமீட்டரைக் கொஞ்சம் மாற்றினால் சரிவரும் என்று ஒருவர் சொன்னார். செய்யலாமா? இல்லாவிட்டால் எதை முதலில் கழற்றுவது?

அளவு_இரத்மலானை

பராமீட்டரைத் தொட வேண்டாம், தம்பி. கிளாம்ப் ஆன பிறகு டிஸ்க் (டூல்கள் பூட்டும் டரட்டின் வட்டத் தட்டு) நிற்கும் கோணத்தைத் தீர்மானிப்பது உள்ளே இருக்கும் கர்விக் கப்ளிங்கின் (முகத்தில் பல் வெட்டிய வளையங்கள் கோத்து நிற்கும் பூட்டின்) பல். மோட்டார் டிஸ்க்கைப் பல்லுக்கு நேரே கொண்டுவந்து விடும், அவ்வளவுதான் அதன் வேலை. கிரிட் ஷிஃப்ட் கொஞ்சம் பிசகினால் பல் பக்கவாட்டில் உரசி உட்காரும், டக் என்று சத்தம் கேட்கும், கிளாம்ப் சென்சர் வராமல் அலார்ம் அடிக்கும். நிறையப் பிசகினால் ஒரு முழுப் பல் தள்ளி உட்காரும். 72 பல் கப்ளிங்கில் ஒரு பல் என்றால் 5 பாகை, அது 200 மிமீ ஆரத்தில் 17 மிமீக்கு மேல் வரும். 0.12 மிமீ என்ற அளவு அங்கிருந்து பிறக்கவே முடியாது. பராமீட்டரை மாற்றினால் பிழை அப்படியே இருக்கும், பல் மட்டும் தேயும்.

எக்ஸ் ஆஃப்செட்டும் (டூலுக்குக் கொடுக்கும் எக்ஸ் திருத்த எண்) உதவாது. உங்கள் பிழை எக்ஸுக்குச் செங்குத்தான திசையில் இருக்கிறது, அந்தத் திசையில் நகர உங்கள் மெஷினில் அச்சு இல்லை.

டரட்டில் ஸ்பேனர் வைக்குமுன் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். முதலாவது ஹெட்ஸ்டொக், அதாவது சக்கைத் தாங்கிச் சுழற்றும் தலைப்பகுதி. 50 மிமீ கம்பியைச் சக்கில் இருந்து 150 மிமீ வெளியே விட்டு, மறுமுனைக்குத் தாங்கும் சென்டர் கொடுக்காமல், மெல்லிய வெட்டாக ஓட்டி இரு முனையிலும் விட்டம் எடுங்கள். டூல் உயரம் 0.12 பிசகியிருப்பது இந்தச் சோதனையைக் கெடுக்காது. விட்ட வித்தியாசம் 0.02ஐத் தாண்டினால் ஹெட்ஸ்டொக் திரும்பியிருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் டரட்டை அதற்கு நேராக்கினால் இரண்டு நாள் வேலை வீண்.

இரண்டாவது எக்ஸ் பேக்லாஷ் (திசை மாறும்போது வரும் தளர்வு). டயலை (நுண் அசைவு காட்டும் மானியை) டரட்டில் வைத்து 0.01 படியாக இரு பக்கமும் நகர்த்துங்கள். மோதலில் எக்ஸை நகர்த்தும் போல்ஸ்குரூவின் த்ரஸ்ட் பெயரிங் அடிபட்டிருந்தால் இங்கே தெரியும்.

மூன்றாவது கப்ளிங் உட்காருவது. ஒரே ஸ்டேஷனுக்கு பத்துத் தடவை திருப்பி வந்து டயல் பாருங்கள். 0.005க்குள் திரும்பி வந்தால் கப்ளிங் சுகம். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு எண் என்றால் பல்லுக்குள் பொடித்தூள் சிக்கியிருக்கலாம், அல்லது கிளாம்ப் அழுத்தம் குறைந்திருக்கலாம். திருப்பும் நேரத்தில் கரண்ட் போய், டிஸ்க் பாதியில் நின்றிருந்தால் தூள் உள்ளே போவது சுலபம்.

இவை சரி என்றால் டிஸ்க்கை அளக்கலாம். லீவர் டயலைச் சக்கில் பூட்டி, போரிங் ஹோல்டரின் துளைக்குள் கையால் சுற்றுங்கள். முதலில் எக்ஸை நகர்த்தி எக்ஸ் திசை இரு பக்கமும் சமமாக்குங்கள், பிறகு அதற்குச் செங்குத்தான இரு புள்ளிகளையும் வாசியுங்கள். வித்தியாசத்தில் பாதிதான் மையப் பிழை. சாய்வுப் படுக்கையில் “மேல், கீழ்” என்பது தரைக்கு அல்ல, எக்ஸ் சரிவுக்குச் செங்குத்து. நிறையப் பேர் 12 மணி, 6 மணி இடத்தில் வாசித்து எக்ஸ் பிழையையும் இதையும் கலந்துவிடுகிறார்கள்.

டயல் பிடிக்கும் கம்பி தன் பாரத்தில் தொங்குவதையும் கழிக்க வேண்டும். அதே அமைப்பை அதே நீட்டத்தில் ஒரு தடித்த கம்பியில் பூட்டி, முனையை அந்தக் கம்பியிலேயே தொடவைத்து, வி-புளொக்கில் அரைச்சுற்று உருட்டினால் வரும் வித்தியாசம் முழுவதும் தொங்கல். கம்பியை 100 மிமீக்குள் வைத்தால் தொல்லை குறையும்.

கடைசியாக, டர்னிங் டூல் உட்காரும் பள்ளத்தின் அடித்தளத்தை எக்ஸை நகர்த்தி 50 மிமீக்கு டயலில் ஓட்டுங்கள். பள்ளம் காயப்பட்டிருந்தால் அதில் 25 மிமீ சதுர கிரைண்டிங் கம்பி ஒன்றைப் பூட்டி அதன் மேல் ஓட்டலாம். எல்லா எண்ணையும் இங்கே போடுங்கள்.

கிராண்ட்பாஸ்_டர்னர்

நன்றி அண்ணா. 150 மிமீ கம்பியில் விட்ட வித்தியாசம் 0.006. பேக்லாஷ் 0.004. பத்துத் தடவை திருப்பியதில் 0.003க்குள். துளை சுற்றியது ஸ்டேஷன் 3, 6, 9, 12 நாலிலும், தொங்கல் கழித்து: 0.24, 0.24, 0.23, 0.25. பள்ளத் தளம் 50 மிமீக்கு 0.03 சாய்கிறது. துளையில் டெஸ்ட் பார் (நேராக அரைத்த சோதனைக் கம்பி) போட்டு இசட்டில் 100 மிமீ ஓட்டியதில் இரண்டு திசையிலும் 0.01க்குள். டரட் மையத்திலிருந்து துளை மையம் 200 மிமீ.

அளவு_இரத்மலானை

எண்கள் தெளிவாகப் பேசுகின்றன. 50க்கு 0.03 சாய்வை 200 மிமீ ஆரத்துக்குக் கொண்டுபோனால் 0.12. துளையில் வந்த 0.24இன் பாதியும் 0.12. நாலு ஸ்டேஷனிலும் ஒரே அளவு, இசட்டுக்கு இணையாகவும் இருக்கிறது. ஆகவே டிஸ்க் தன் கப்ளிங் மேல் சுழன்று வழுக்கியிருக்கிறது, வேறு ஒன்றும் அசையவில்லை. துளையில் 0.12 வந்து பள்ளம் நேராக இருந்திருந்தால் டரட் அடித்தளமே குறுக்குச் சிலைட்டில் நகர்ந்திருக்கும், அது பெரிய வேலை. ஒரு விஷயம் மட்டும் உறுதிசெய்யுங்கள்: பள்ளம் சாயும் பக்கமும் மையம் விலகிய பக்கமும் பொருந்த வேண்டும். எதிரெதிர் என்றால் இரண்டும் நடந்திருக்கிறது.

துளையை அந்த இடத்திலேயே போர் செய்து பெருப்பிக்கச் சொல்பவர்களும் இருப்பார்கள். ஒரே ஒரு ஹோல்டர் தேய்ந்தால் அது வைத்தியம். இங்கே செய்தால் பன்னிரண்டு ஸ்டேஷனையும் பிழையான கோணத்துக்கு நிரந்தரமாகப் பழக்கியதாகும்.

பேலியகொடை_ஃபிட்டர்

கழற்றும் பகுதியை நான் சொல்கிறேன்.

முதலில் மேனுவலில் ஒன்று பாருங்கள்: ஹைட்ரோலிக் நின்றால் உங்கள் டரட் தளருமா, ஸ்பிரிங்கில் பூட்டி நிற்குமா? டிஸ்க் போல்டைத் தளர்த்தும்போது கப்ளிங் பூட்டியே இருக்க வேண்டும். அழுத்தத்தில் பூட்டும் வகை என்றால் பம்ப் ஓடிக்கொண்டிருக்கும், அப்போது இன்டெக்ஸ் பொத்தானை யாரும் தொட முடியாதபடி ஒரு ஆள் பெனலுக்குப் பக்கத்திலேயே நிற்கட்டும். டூல்களையும் ஹோல்டர்களையும் எல்லாம் எடுத்துவிடுங்கள், டிஸ்க்கின் பாரம் ஒரு பக்கம் இழுக்கக்கூடாது. டர்னிங் டூலுக்கு அடியில் வைத்த தகடுகளையும் இப்போதே எடுத்து எறியுங்கள். பிறகு மறந்தால் அந்த டூல்கள் எதிர்த்திசையில் 0.12 பிசகும்.

முன் மூடியைத் திறந்தால் போல்ட் வட்டமும் இரண்டு டேப்பர் பின்னும் (ஒரு முனை மெலிந்த, இடம் காட்டும் ஆணி) தெரியும். பின்னின் தலையில் உள் மரை இருந்தால் அதில் போல்ட் ஏற்றி ஸ்லைட் ஹாமரால் இழுத்து எடுக்கலாம். வளைந்த பின்னை அடித்து உள்ளே தள்ள வேண்டாம். பின்கள் வெளியே வந்ததும் போல்ட் எல்லாவற்றையும் தளர்த்தி, எதிரெதிரான இரண்டை மட்டும் சுமார் 10 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்கள். டிஸ்க் நடுவிலுள்ள விளிம்பில் உட்கார்ந்திருப்பதால் சுழல மட்டும்தான் முடியும், மையம் விலகாது.

டயல் பள்ளத் தளத்தில் இருக்கட்டும். பித்தளைக் கட்டை வைத்து, அல்லது நைலோன் சுத்தியலால், டிஸ்க்கின் ஓரத்தில் சின்னச் சின்னத் தட்டு. ஒரு தட்டு, எக்ஸில் ஓட்டி வாசிப்பு, மறுபடி தட்டு. 50 மிமீக்கு 0.003க்குள் கொண்டுவாருங்கள். 0.005 என்று விட்டால் துளையில் 0.02 வந்துவிடும். தட்டியும் அசையாமல் பிறகு திடீரென்று குதித்தால் இரண்டு முகத்துக்கும் நடுவே பிசிறு இருக்கிறது. அப்போது டிஸ்க்கை ஸ்லிங்கில் தாங்கி வெளியே எடுத்து, முகத்தை எண்ணெய்க் கல்லால் தேய்த்துத் துடைக்காமல் வேலை முடியாது.

இறுக்குவது எதிரெதிராக, மூன்று சுற்றில்: மூன்றில் ஒரு பங்கு, மூன்றில் இரண்டு பங்கு, முழுமை. ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் டயல் பாருங்கள், இறுக்கும்போதே டிஸ்க் நகர்வது வழக்கம். முழு அளவு மேனுவலில் உள்ளதுதான். எம்10 (10 மிமீ மரை), 12.9 தரம் (உயர் வலிமைப் போல்ட்) என்றால் பொதுவாக 80 நியூட்டன் மீட்டர் பக்கம் வரும். மோதலில் இழுபட்ட போல்ட்டைத் திரும்பப் போடாதீர்கள். கொழும்பு பழைய சோனகத் தெருவில் புதிதாக வாங்கும்போது தலையில் 12.9 என்று பொறித்திருப்பதைக் கையில் எடுத்துப் பார்த்தே வாங்குங்கள். கறுப்பு நிறத்தை மட்டும் நம்பக்கூடாது.

கிராண்ட்பாஸ்_டர்னர்

பின் துளைகள் இனி நேராக வராதே? பழைய பின்னையே அடித்தால் டிஸ்க் திரும்பவும் பழைய இடத்துக்கு இழுபடாதா?

மரை_மாளிகாவத்தை

பின் இல்லாமலே விடலாம் என்பது என் கருத்து. வெட்டும் பாரத்தைத் தாங்குவது போல்ட்டின் இறுக்கம், பின் இடம் காட்ட மட்டும். அடுத்த மோதலில் டிஸ்க் வழுக்கினால் கப்ளிங் பல் தப்பும்.

பேலியகொடை_ஃபிட்டர்

தற்காலிகமாக ஓட்டுவதற்கு அது சரி. நிரந்தரமாக அப்படி விடுவதை நான் ஏற்கமாட்டேன். நாலு பக்கம் அதிர்வோடு ஓடும் இன்டரப்டட் கட்டில் (விட்டு விட்டுப் படும் வெட்டில்) டிஸ்க் 0.02, 0.03 என்று மெல்ல ஊர்ந்தால் மோதலைப் போல அது கண்ணில் படாது, ஒரு தொகுதி வேலை கழிவான பிறகுதான் தெரியும்.

தம்பி, துளை முதலில் இருந்த கோணத்துக்கே நீங்கள் திருப்பியிருந்தால் துளைகள் கிட்டத்தட்ட ஒத்துவர வேண்டும். ஆனால் பின் வளையும்போது துளை வாய் நசுங்கியிருக்கும், கொஞ்சம் மிச்சப் பிசகும் இருக்கலாம். அதனால் பின்னை அடிக்குமுன் 1:50 டேப்பர் ரீமரை (துளையைச் சீவும் சாய்வுக் கருவி) கையால் சுற்றி, டிஸ்க்கும் கப்ளிங்கும் என்ற இரண்டு துண்டையும் சேர்த்தே ஒரே மூச்சில் சுத்தம் செய்யுங்கள். ரீமரின் பள்ளங்களில் கிரீஸ் பூசினால் தூள் உள்ளே விழாது. முதலில் அரத்தால் வாயைச் சுரண்டிப் பாருங்கள். அரம் வழுக்கினால் அது கடினப்படுத்திய உலோகம், கை ரீமர் உடையும்.

கணக்கு இப்படி: 1:50 டேப்பரில் துளை விட்டம் 0.1 கூடினால் பின் 5 மிமீ கூடுதலாக உள்ளே போகும். மிச்சப் பிசகு 0.04 என்றால் ஒரு பக்கம் மட்டும் வெட்டுவதால் விட்டம் 0.08 கூட வேண்டும், பின் 4 மிமீ இறங்கும். அவ்வளவுக்கு இடம் இருந்தால் அதே அளவுப் பின், இல்லாவிட்டால் அடுத்த அளவு. உள் மரை உள்ள பின்னே வாங்குங்கள், ஐஎஸ்ஓ 8736 என்று கேட்கலாம். அடிக்குமுன் பின்னில் தொடும் இடம் காட்டும் நீலச் சாயம் பூசி ஒரு தடவை போட்டு எடுங்கள், நீளத்தில் முக்கால்வாசியாவது தொட்டிருக்க வேண்டும். பின் அடித்த பிறகு பள்ளத்தையும் துளையையும் இன்னொரு தடவை அளந்து பாருங்கள். பின் சரியாக உட்காராவிட்டால் அதுவே டிஸ்க்கைத் தள்ளிவிடும்.

அளவு_இரத்மலானை

அதற்குப் பிறகு டூல் செட்டரை (டூல் முனையின் இடத்தை அளக்கும் கருவியை) மறுபடி அளவுபடுத்தி, பன்னிரண்டு டூலின் எக்ஸ் ஆஃப்செட்டையும் புதிதாக எடுங்கள். பழைய எண்ணோடு ஓட்டவேண்டாம். முதல் சோதனை 40 மிமீ கம்பியில் பூச்சியம் வரை ஃபேசிங், பிறகு சென்டர் ட்ரில், பிறகு அந்த 16 மிமீ ட்ரில். சென்டர் ட்ரில் வளையம் கீறாமல் சுத்தமான புள்ளி வைத்தால் மற்ற இரண்டும் வரும்.