டிசிபியில் நான்கு அவசர பைட் அனுப்பினால் ஒன்றுதான் வருகிறது, ஏன்?

டர்பன்_இரவுப்பறவை:
வணக்கம். டர்பன் துறைமுகத்துப் பக்கம் ஒரு கிடங்கில் வேலை. அங்கிருந்து பெரிய கோப்புகளை மொரிஷியஸில், எபேனில் இருக்கும் சர்வருக்கு டிசிபி (பைட்டுகளை வரிசை மாறாமல் கொண்டுசேர்க்கும் இணைய விதிமுறை) வழியாக அனுப்ப பைத்தானில் ஒரு நிரல் எழுதினேன். பாதியில் ரத்து செய்தாலும் இணைப்பு அறுபடக் கூடாது, அடுத்த கோப்பு அதிலேயே போகணும். அதனால் எம்எஸ்ஜி_ஓஓபி (அவசரத் தரவாக அனுப்பச் சொல்லும் குறிப்பு) போட்டு எஸ், டி, ஓ, பி என்று நான்கு எழுத்து அனுப்புகிறேன். அந்தப் பக்கம் பி மட்டும்தான் கிடைக்கிறது, கோப்பு நடுவில் ஏதோ குப்பை. ஆபீஸ் ஃபயர்வால் வழியாகப் போனால் அந்த பி-யும் இல்லை. மணி 2 ஆகிவிட்டது, யாராவது சொல்லுங்கள்.

ரோஸ்ஹில்_காரர்:
தம்பி, அது குப்பை இல்லை, உங்கள் எஸ், டி, ஓ தான்! டிசிபியில் அவசரத்துக்குத் தனிப் பாதையே கிடையாது. தலைப்பில் யுஆர்ஜி என்று ஒரு கொடியும், அவசரம் எந்த இடத்தில் முடிகிறது என்று காட்டும் 16 பிட் சுட்டியும் இருக்கின்றன, அவ்வளவுதான். நீங்கள் எத்தனை பைட் அனுப்பினாலும் கடைசி ஒன்றை மட்டும்தான் சாக்கெட் (நிரல் இணைப்பைக் கையாளும் வாயில்) தனியாக எடுத்து வைக்கும். காவடி ஊர்வலத்தில் பின்னாலிருந்து ஒருவர் கூப்பிட்டால் முன்னால் போகிறவருக்குக் குரல் கேட்கும், ஆள் என்னவோ வரிசையில்தான் வந்து சேருவார். சேஃப் என்ற கடலடிக் கேபிளில் தென்னாப்பிரிக்காவின் எம்டுன்சினியிலிருந்து ரியூனியன் தொட்டு எங்கள் தீவுக்கு வந்தாலும் சரி, ஒரே அறைக்குள் வந்தாலும் சரி, பைட்டுகளின் வரிசை மாறாது.

இன்னொன்று, ரத்து பொத்தானை இரண்டு தடவை அமுக்கினால், முதல் பைட்டைப் படிக்கும் முன் இரண்டாவது வந்து முதலாவதின் அடையாளத்தை அழித்துவிடும்.

பழைய_யூனிக்ஸ்_ஆள்:
ஃபயர்வால் விஷயம்: சில ஃபயர்வால்கள் யுஆர்ஜி கொடியைச் சும்மா அழித்துவிடும். அப்புறம் பி-யும் சாதாரணத் தரவாகிக் கோப்புக்குள் போய்விடும். சுட்டி எதைக் காட்ட வேண்டும் என்பதிலேயே பல வருடக் குழப்பம். 1989இல் வந்த ஆர்எஃப்சி 1122 (இணைய விதிமுறை ஆவணம்) கடைசி அவசர பைட்டைத்தான் என்றது, பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வகையின் வழிவந்த நிரல்களோ அதற்கு அடுத்த பைட்டைக் காட்டின. 2011இல் ஆர்எஃப்சி 6093 அந்த பிஎஸ்டி நடைமுறையையே ஏற்றுக்கொண்டு, புதிய நிரல்களில் இதைத் தொடவே வேண்டாம் என்றும் சொல்லிவிட்டது. தொலைவிலுள்ள கணினியில் கட்டளை தட்ட உதவும் டெல்நெட்டுக்கு இது சரிப்பட்டது, ஏனென்றால் அங்கே தேவை செய்தி இல்லை, "இந்தக் குறி வரை உள்ளதைத் தூக்கிப் போடு" என்ற சைகை மட்டும்தான்.

டர்பன்_இரவுப்பறவை:
சரி, எஸ்ஓ_ஓஓபிஇன்லைன் என்ற சாக்கெட் அமைப்பைப் போட்டால்?

ரோஸ்ஹில்_காரர்:
போட்டால் அந்த பைட்டும் ஓடையிலேயே இருக்கும், அவசரக் குறி எங்கே என்று சாக்அட்மார்க் என்ற செயற்கூறு கொண்டு பார்த்துக்கொண்டே படிக்கணும். ஃபயர்வால் கொடியை அழித்தால் அதுவும் போச்சு. விடுங்கள். கோப்பை 16 கேபி துண்டுகளாக்கி, ஒவ்வொன்றின் முன்னாலும் 1 பைட் வகை, 4 பைட் நீளம் வையுங்கள். வகை 1 தரவு, 2 ரத்து. அனுப்பும் பஃபரில் (தரவு காத்திருக்கும் இடைநினைவகம்) ஏற்கெனவே ஏறியது போன பிறகுதான் ரத்து போகும், அந்தத் தாமதம் தாங்காது என்றால் கட்டளைக்கு மட்டும் இரண்டாவது இணைப்பு திறங்கள், கோப்பு அனுப்பும் எஃப்டிபி விதிமுறை மாதிரி.

டர்பன்_இரவுப்பறவை:
துண்டு போட்டு எழுதிவிட்டேன் அண்ணே. ஃபயர்வால் தாண்டியும் ரத்து ஆகிறது, அடுத்த கோப்பு அதே இணைப்பில் ஒழுங்காகப் போகிறது. தூங்கப் போகிறேன்.