வளர்ப்புப் பிராணிகள்: பார்த்துவிட்டு மறக்க முடியாத ஒரு சம்பவம் – நெல்லைக்காரர்கள் பகிரலாம்

பொருநைக்கரையான்
நானே தொடங்குகிறேன். அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் பெரியப்பா ஜெர்சி கிராஸ் மாடுகள் வைத்திருக்கிறார். போன வருஷம் தொழுவத்துக்கு சிமெண்ட் தளம் போட்டார். சாணி அள்ள வசதி, தண்ணீர் அடித்தால் பளிச்சென்று ஆகிவிடும். அதற்கப்புறம் ஒரு மாட்டுக்குப் பால் இறங்கிக்கொண்டே வந்தது. புண்ணாக்கை மாற்றினார், தாது உப்பு போட்டார், யாரோ சொன்னார்கள் என்று மந்திரித்தும் பார்த்தார்.

கடைசியில் ராமையன்பட்டி கால்நடைக் கல்லூரியில் படித்த ஒரு பெண் டாக்டர் வந்தார். மடியைத் தொடவில்லை, தீவனம் என்ன என்று கேட்கவில்லை. ஓரமாக நின்று அந்த மாட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அது படுக்கப் போகும், முன்னங்காலை மடக்கும், பாதியில் நிறுத்திவிட்டு நிமிர்ந்துவிடும். திரும்பவும் மடக்கும், நிமிரும். திடீரென்று அந்தப் பெண் தொப்பென்று தளத்தில் முட்டி போட்டு விழுந்தார். பெரியப்பா பதறிவிட்டார். "ஒண்ணுமில்ல பெரியவரே. நீங்களும் இப்படி ஒரு தடவை விழுந்து பாருங்க. இது நானூறு கிலோ. படுக்கணும்னா முட்டி போட்டுத்தான் படுக்கணும்" என்றார்.

பெரியப்பா விழவில்லை. ஆனால் பின்னங்கால் மூட்டில் முடி உதிர்ந்து வீங்கியிருந்ததை அவர் கையைப் பிடித்துத் தடவச் சொன்னார் டாக்டர். மாடு ஒரு நாளில் ஏறக்குறைய பாதி நேரம் படுத்திருக்க வேண்டுமாம். ரப்பர் மேட் விலையைக் கேட்டுவிட்டு இவர் வைக்கோலைக் கனமாகப் பரப்பினார். அது இப்போது படுக்கிறது. அந்தப் பாதி மடக்கிய கால்தான் எனக்குக் கண்ணை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

கொக்கிரகுளத்தான்
எந்தக் கோயில் என்று சொல்லப் போவதில்லை. ஸ்பீக்கரில் நாதஸ்வரம் ஓடிக்கொண்டிருந்தது. யானை இடமும் வலமுமாக ஆட, பிள்ளைகள் "யானை டான்ஸ் ஆடுது" என்று கைதட்ட, அப்பாமார்கள் எல்லாம் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். கரண்ட் போய்விட்டது. நாதஸ்வரம் நின்றுவிட்டது. யானை நிற்கவில்லை. அதே வேகம், அதே அளவு, இடம், வலம். பிள்ளைகளும் கொஞ்ச நேரம் தட்டிவிட்டுக் கலைந்து போனார்கள்.

காட்டு யானை அப்படி ஆடாது. கட்டிப் போட்டு, நடக்க இடமில்லாமல், செய்ய வேலையும் இல்லாமல் நிற்கிற யானைதான் ஆடும். வீடியோ எடுத்தவர்களிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள்.

குறுக்குத்துறை ஆள்
கொக்கிரகுளத்தாருக்கு: கோயில் யானை என்றாலே பாகன் தலையில்தான் எல்லாம் விடிகிறது. நம்ம நெல்லையப்பர் கோயில் காந்திமதிக்கு வயசாகி நடக்கச் சிரமப்பட்டபோது 2022-ல் தோல் செருப்பு செய்து போட்டார்கள், ஞாபகம் இருக்கிறதா? 2025 ஜனவரியில் அது போய்ச் சேர்ந்தபோது ஊரே திரண்டு வந்து அழுதது. பாசம் இல்லாமலா?

இன்னொன்று. அந்த ஆட்டம் ஒரு தடவை பழகிவிட்டால், பிற்பாடு நல்ல இடத்துக்குக் கொண்டுபோனாலும் சில யானைகள் விடாது. அதனால் ஆடுகிறது என்பதை மட்டும் வைத்து இன்றைக்குப் பார்த்துக்கொள்கிறவன்மேல் பழி போட முடியாது. அது எங்கே, எப்படி வளர்ந்தது என்று கேட்க வேண்டும்.

கொக்கிரகுளத்தான்
பாகனைப் பற்றி நான் ஒரு வார்த்தைகூட எழுதவில்லையே. பாசம் இல்லை என்றும் சொல்லவில்லை. செருப்பு போட்டது நல்ல காரியம். கல்லிலும் சிமெண்டிலும் வருஷக்கணக்காக நின்றால் பாதமும் மூட்டும் கெடத்தான் செய்யும் என்பதையும் சேர்த்துப் பேசுவோம் என்கிறேன். தேக்கம்பட்டியில் பவானிக் கரையில் 48 நாள் புத்துணர்வு முகாம் நடந்ததே, அங்கே மண் தரை, ஆறு, கூட நாலு யானை. அப்படியானால் மீதி நாளில் எது குறைகிறது என்று முகாம் நடத்தியவர்களுக்கே தெரிந்திருக்கிறது அல்லவா? 2024 நவம்பரில் திருச்செந்தூரில் கோயில் யானை தாக்கிப் பாகனும் அவர் உறவினரும் இறந்தார்கள். யானை நன்றாக இருப்பது பாகனுக்கும் சேர்த்துத்தான்.

செவ்வாய்ச்சந்தை
யானையை விடுங்கள். மேலப்பாளையம் சந்தை, பக்ரீத்துக்கு முந்தைய வாரம். கால் வைக்க இடமில்லை. சாச்சா ஒரு கிடாயைப் பார்த்தார். வயிறு திம்மென்று இருந்தது. எல்லாரும் பல்லைப் பார்ப்பார்கள், முதுகை அமுக்கிப் பார்ப்பார்கள், இவர் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். சிவப்பாக இருக்க வேண்டிய இடம் சுத்தமாக வெளுத்துக் கிடந்தது. இரைப்பையில் ரத்தம் உறிஞ்சும் புழு. வயிறு தண்ணீர் காட்டி நிரப்பியது.

விற்கிறவர் சிரித்துக்கொண்டே, "என்ன பாய், கண்ணையா சமைக்கப் போறீய?" என்றார். சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். சாச்சா வாங்காமல் வந்துவிட்டார். திரும்பிப் பார்த்தால் அதே கிடாயை வேறொருவர் லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தார், ஏற்கெனவே நிறைந்திருந்த ஆட்டோ. ஒரு டோஸ் பூச்சி மருந்து என்ன விலை இருக்கும்?

பாவூர்சத்திரம் அண்ணாச்சி
கால்நடைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். எனக்கு நேர்ந்ததை அப்புறம் எழுதுகிறேன். அதற்கு முன்னால் ஒன்று சொல்ல வேண்டும். மேலே எழுதியவர்கள் அறியாமலே ஒரே விஷயத்தைச் சொல்லியிருக்கிறீர்கள்: கொட்டகையைப் பார்க்காதே, உருப்படியைப் பார்.

1965-ல் இங்கிலாந்தில் பிராம்பெல் குழு பண்ணைப் பிராணிகளுக்குக் கேட்டது ரொம்பக் கொஞ்சம்தான்: எழ, படுக்க, திரும்ப, உடம்பை நக்கிச் சுத்தம் செய்ய, காலை நீட்ட இடம் வேண்டும். பிறகு 1979-ல் அது ஐந்து சுதந்திரங்களாக விரிந்தது. பசி தாகம் இல்லாமை, வசதியான இடம், வலி நோய் இல்லாமை, இயல்பாக நடந்துகொள்ள வாய்ப்பு, பயம் இல்லாமை. நம் உச்ச நீதிமன்றம் 2014-ல் ஜல்லிக்கட்டுத் தீர்ப்பில் இந்த ஐந்தையும் எடுத்துச் சொன்னது. தீர்ப்போடு சண்டை போடுகிறவர்கள் போடுங்கள், இந்த ஐந்தோடு என்ன சண்டை?

வீட்டில் மாடு இருந்தால் சாயங்காலம் இதைப் பாருங்கள். இடது பக்கம், கடைசி விலாவுக்குப் பின்னால் குழி ஆழமாக விழுந்திருக்கிறதா? அப்படியானால் அன்றைக்கு சரியாகத் தின்னவில்லை. படுத்திருக்கும்போது அசைபோடுகிறதா? சித்திரை வெயிலில் வாயைத் திறந்து இரைக்கிறதா? மூக்கணாங்கயிறு அறுத்த புண் இருக்கிறதா? நடக்கும்போது தலையைத் தலையை ஆட்டினால் கால் நோகிறது. தண்ணீர் எப்போதும் எட்டும் தூரத்தில் இருக்கிறதா, இல்லை காலை மாலை மட்டும் கழுநீர் காட்டுகிறீர்களா? கறவை மாட்டுக்கு அது போதவே போதாது.

எல்லாவற்றுக்கும் மேல் ஒரு சோதனை உண்டு. காசு செலவு இல்லை. முன்பக்கமிருந்து கையை நீட்டிக்கொண்டு பைய நடந்து போங்கள். எவ்வளவு நெருங்கியதும் அது தலையைத் திருப்புகிறது என்று பாருங்கள். ஆச்சி போனால் நாக்கை நீட்டும், மகன் போனால் நாலடி பின்வாங்கும். அந்த வீட்டில் யார் அடிக்கிறார்கள் என்று யாரையும் கேட்க வேண்டாம்.

செவ்வாய்ச்சந்தை
அண்ணாச்சி, நான் கிடாயைப் பற்றி எழுதினேன், நீங்கள் மாட்டுக்குப் பாடம் எடுத்துவிட்டீர்கள். உங்கள் கதை எங்கே?

கரிசல்காட்டு மருமகன்
சங்கரன்கோவில் பக்கம். வீட்டு வாசலில் ஒரு சிப்பிப்பாறை நாய், முழ நீளச் சங்கிலி. ராத்திரி பகல் அங்கேதான். வருகிறவர்களிடம் எல்லாம் அது ஓடுகிற வேகத்தை வீட்டுக்காரர் பெருமையாகச் சொல்வார். நான் போன அன்றும் செல்போனில் பழைய வீடியோவைக் காட்டினார். பருத்திக் காட்டில் அது பாய்ந்து போகிறது, இவர் விசில் அடிக்கிறார், அது திரும்பி வருகிறது. வீடியோவில் அந்த விசில் சத்தம் கேட்டதும் பக்கத்தில் சுருண்டு கிடந்த நாய் காதைத் தூக்கி எழுந்து நின்றது. சங்கிலி இழுத்துப் பிடித்தது. அவர் கவனிக்கவே இல்லை, "பாத்தீங்களா வேகத்த" என்று இன்னொரு தடவை போட்டார். மறுபடியும் எழுந்தது.

பாவூர்சத்திரம் அண்ணாச்சி
1960-ம் வருஷ மிருகவதைத் தடுப்புச் சட்டம், பிரிவு 11. நியாயமில்லாத அளவுக்குக் குட்டையான சங்கிலியில் நெடுநேரம் கட்டுவது குற்றம். எப்போதும் கட்டிப்போட்ட நாயை நடமாட விடாமல் வைப்பதும் தனியாகக் குற்றம். முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய். சிரிப்பு வரும், ஆனாலும் சட்டம் சட்டம்தான். சொல்லிப் பாருங்கள்.

கரிசல்காட்டு மருமகன்
சட்டமெல்லாம் சரி அண்ணாச்சி. நாய்க்குச் சொந்தக்காரர் என் மாமனார்.

பாவூர்சத்திரம் அண்ணாச்சி
அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். சட்டத்தை விடுங்கள், மாமியாரிடம் பேசுங்கள். வாசலில் இரண்டு மரம் இருந்தால் நடுவில் உயரமாகக் கம்பி இழுத்து, வளையம் போட்டு அதில் சங்கிலியை மாட்டச் சொல்லுங்கள். அந்த நீளத்துக்காவது நடக்கும், நிழலுக்கும் போகும். விடியற்காலையில் காட்டுப் பக்கம் கூட்டிப்போக மச்சினன் யாராவது இருக்கிறானா?

கரிசல்காட்டு மருமகன்
இருக்கிறான். எட்டு மணிக்குத்தான் எழுந்திருப்பான்.